பின்னங்கால் ரத்த உறைவுக்கு வயிற்று ஸ்கேன் எதற்கு?

மன்னார்குடியில் உங்கள் பத்து வயது நாய்க்குத் திடீரெனப் பின்னங்கால்கள் செயலிழந்து, பாதங்கள் சில்லிட்டு, தொடையில் நாடி தென்படாததால் ரத்த உறைவு என்று கூறிய மருத்துவர், வயிற்றையும் ஸ்கேன் செய்யச் சொல்வது வீண் செலவா என்று கேட்டிருந்தீர்கள். வீண் செலவன்று. நாய்களுக்கு இவ்வகை உறைவு பெரும்பாலும் தானாக வருவதில்லை. சிறுநீரில் புரதம் வெளியேறும் சிறுநீரக நோயோ, சிறுநீரகத்தை ஒட்டியுள்ள அட்ரீனல் சுரப்பியின் கோளாறோ, புற்றுநோயோ பின்னால் இருக்கலாம். சில புற்றுக்கட்டிகளின் செல்கள் ரத்தம் உறைவதைத் தூண்டும் பொருளை வெளிவிடுவதால், கட்டி மண்ணீரலில் இருந்தாலும் அடைப்பு கால்களுக்குச் செல்லும் தமனியில் நேரக்கூடும். ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு அதிகத் தொலைவில்லை. சிறுநீர்ப் புரதப் பரிசோதனையையும் கேட்டுப் பெறுங்கள். எளிய சோதனைதான், ஆனால் விடுபட்டுவிடும். மண்ணீரல் கட்டியில் ரத்தம் கசியக்கூடும் என்பதால், மருத்துவர் சொல்லாமல் குளோபிடோக்ரல் போன்ற, ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரையை மெடிக்கலில் வாங்கி நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.