பள்ளிக்கூட வேலை, பயித்தங்காய் விதை, கொஞ்சம் நூல்: லண்டனுக்குப் புதிதாக வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, நீங்கள் கேட்டது மூன்று கேள்வி. வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடுகிறார்கள், விண்ணப்பிக்கலாமா? தமிழ்க் கடையில் வாங்கிய பயித்தங்காய் விதையை இப்பவே பின்வளவில் ஊன்றலாமா? குளிர்காலம் முழுக்க ஒருவரும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை, வெயில் வந்தால் மாறுமா? நான் வடமேற்கு லண்டனில் ஓர் ஆரம்பப் பள்ளியில் வகுப்பு உதவியாளராக இருக்கிறேன். தொடங்கியது நீங்கள் கேட்கிற அதே சாப்பாட்டு நேர வேலையில்தான். மிச்ச நேரம் தோட்டம், கையில் நூல் பின்னும் குரோசே ஊசி. ஆகவே பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலைக்கு விண்ணப்பியுங்கள். ஆனால் காசை நினைத்து வேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றரை. அதுவும் பள்ளி நடக்கிற கிழமைகளுக்கு மட்டும், வருடத்தில் 38 அல்லது 39 கிழமை. விளம்பரத்தில் இருபத்துச் சொச்சம் ஆயிரம் பவுண் என்று பார்த்து மலைத்துவிடாதீர்கள். அது வருடம் முழுக்க, நாள் முழுக்க வேலை செய்பவருக்கான கணக்கு. உங்கள் கைக்கு என்ன வரும் என்பதைத் தனியாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். மணிக்கூலி குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டித்தான் இருக்கும். அந்த ஊதியம் ஏப்ரல் 1ஆம் திகதி மாறும், எனவே அவர்கள் சொல்கிற தொகை பழையதா புதியதா என்றும் கேளுங்கள். வருடத்துக்கு வருவதைப் பெரும்பாலும் 12 பங்காக்கி மாதாமாதம் போடுவார்கள். ஓகஸ்ட் மாதம் வீட்டில் இருக்கச் சம்பளம் வருகிறதே என்று சனம் சொல்லும். அது நீங்கள் ஏற்கெனவே உழைத்த காசு. வருடத்துக்கு 12,570 பவுண் வரை வருமான வரி இல்லை, இந்த வேலையில் அதைத் தொடவே மாட்டீர்கள். ஓய்வூதியத்துக்குப் பிடித்தால் பிடிக்க விடுங்கள். பள்ளிகளில் நாம் போடுவதைவிட வேலை தருபவர் போடுவது அதிகம்.

பிறகு எதற்காக இந்த வேலை என்று கேட்பீர்கள். நேரத்துக்காகத்தான். போன ஞாயிற்றுக்கிழமை மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளினார்கள் அல்லவா? மார்ச் கடைசி ஞாயிறு அது. ஆறரைக்கு முன்னமே மறைந்துகொண்டிருந்த சூரியன் ஒரே நாளில் ஏழரைக்குப் போய்விட்டது. ஜூன் மாதம் ஒன்பதரை வரை வெளிச்சம் நிற்கும். மத்தியானம் வேலை முடிந்து வருபவருக்கு, ஏன், என்னைப்போல மூன்றேகாலுக்கு வருபவருக்குக்கூட, அதற்குப் பிறகு ஒரு முழுப் பொழுது கையில் இருக்கும். காலையில் போய் இருட்டோடு திரும்புகிற வேலைகளைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இனி வேலையின் உள்விஷயம். இங்கிலாந்தில் முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளுக்கும் 2014 செப்டம்பரில் இருந்து பள்ளிச் சாப்பாடு இலவசம். லண்டனில் அரச ஆரம்பப் பள்ளிகளில் மற்ற வகுப்புகளுக்கும் 2023 செப்டம்பரில் இருந்து இலவசம். அதனால் சாப்பாட்டு மண்டபம் எப்போதும் நிரம்பி வழியும், இரைச்சல் காதைப் பிளக்கும். பழக ஒரு கிழமை பிடிக்கும். சின்னதுகளுக்குக் கத்தி, முள்ளுக்கரண்டி பிடிக்கக் காட்டுவது, சிந்தியதைத் துடைப்பது, யாருக்கு எந்தச் சாப்பாடு ஒவ்வாது என்ற பட்டியலை மனதில் வைத்திருப்பது, இவ்வளவும் உங்கள் பொறுப்பு. நம்முடைய கைக்கு இருக்கிற ஒரு பழக்கத்தை மட்டும் வாசலிலேயே விட்டுவிட வேண்டும்: "இன்னும் ஒரு வாய், இன்னும் ஒரு வாய்" என்று ஊட்டுவது. கேட்டுப் பார்க்கலாம், உற்சாகப்படுத்தலாம், வற்புறுத்தக் கூடாது. பிள்ளை சாப்பிடவே இல்லை என்றால் வகுப்பு டீச்சரிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு பிள்ளை உங்களிடம் வந்து, "ஒருத்தருக்கும் சொல்லக் கூடாது, சரியா?" என்று ஏதாவது சொல்லத் தொடங்கினால் சத்தியம் செய்து கொடுக்காதீர்கள். கேளுங்கள், துருவிக் கேள்வி போடாதீர்கள், அன்றைக்கே பள்ளியில் பிள்ளைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் சொல்லுங்கள். வேலையில் சேர்ந்த உடனே இதற்குப் பயிற்சி தருவார்கள். சலிப்பாக இருந்தாலும் கவனமாகக் கேளுங்கள், இந்த வேலையில் இதைவிட முக்கியமானது வேறு இல்லை. கைத்தொலைபேசி பிள்ளைகளுக்கு முன்னால் வெளியே வரவே கூடாது.

வசந்தகாலத்து விளையாட்டுத் திடல் ஒரு தனி உலகம். காலையில் ஐந்து பாகை, மத்தியானம் பதினேழு. வரும்போது எல்லாரிடமும் கோட் இருக்கும். சாப்பாட்டு நேரம் முடிந்தால் வேலியோரம் கோட்டும் ஜம்பருமாகக் குவியும், பாதியில் பெயர் இருக்காது. இடையில் ஐந்து நிமிடம் ஆலங்கட்டி விழும், திரும்ப வெயில் எறிக்கும். நீங்களும் அடுக்கடுக்காக உடுத்திக்கொண்டு போங்கள், ஒற்றைத் தடிப்புக் கோட்டை நம்ப வேண்டாம். ஏப்ரலில் மூக்கால் ஓடி, கண் கடித்து, காய்ச்சல் மட்டும் இல்லை என்றால் அது தடிமனாக இருக்காது, பேர்ச் மரத்து மகரந்தமாக இருக்கலாம். ஊரில் இல்லாத வருத்தம் இங்கே வந்து சில வருடங்களில் பிடிப்பது நம்மவர்களிடம் சாதாரணம். மருந்துக் கடையில் கேட்டால் டாக்டர் சீட்டு இல்லாமலே குளிசை தருவார்கள்.

சரி, பயித்தங்காய்க்கு வருவோம். இப்பவே ஊன்றலாமா? கூடாது. மே மாதத்திலும் வேண்டாம் என்றுதான் சொல்லுவேன். தென் இங்கிலாந்தில் மே நடுப்பகுதி வரைக்கும் இரவில் உறைபனி விழக்கூடும். பகல் வெயிலில் சிரிக்கிற நாற்று அடுத்த நாள் காலை வெந்த கீரை மாதிரிக் கிடக்கும். உறைபனி போன பிறகும் இரவுச் சூடு பயித்தைக்குப் போதாது. கண்ணாடி வீடு இல்லாமல் அது ஏனோதானோ என்றுதான் நிற்கும். அதற்குப் பதிலாக இங்கத்தைய ரன்னர் பீன்ஸ் போடுங்கள். சிவப்புப் பூவோடு மூங்கில் தடியில் ஆளுயரத்துக்கு மேல் ஏறும், பிஞ்சாகப் பிடுங்கினால் பால்கறிக்கு நல்லாகவே பொருந்தும், முற்றவிட்டால் நார்தான். ஏப்ரல் கடைசியில் சின்னச் சாடியில் போட்டு யன்னலோரம் வையுங்கள். மே கடைசிக் கிழமை பள்ளிகளுக்கு அரைத்தவணை விடுமுறை, நாற்றை நிலத்துக்கு மாற்றத் தோதான கிழமை அதுதான். அதற்கு முன் ஒரு பத்து நாளாவது பகலில் வெளியே, இரவில் உள்ளே என்று குளிருக்குப் பழக்குங்கள். நான் பள்ளிக்குப் போகும்போது தட்டை வெளியே தூக்கி வைத்து, இருட்ட முன் உள்ளே எடுத்துவிடுவேன். அந்த நாட்களில் குசினி மேசையில் சாப்பிட இடம் இருக்காது, வீட்டு ஆட்கள் முணுமுணுப்பார்கள்.

கை சும்மா இருக்காது என்றால் இப்பவே வெந்தயம் தூவுங்கள், குளிர் தாங்கும் முள்ளங்கி போடுங்கள். முளை கட்டிய உருளைக்கிழங்கும் வைக்கலாம். பெரிய வெள்ளிக்கிழமையில் கிழங்கு நடுவது இங்கத்தைய ஆட்களின் பழைய வழக்கம். கொத்தமல்லியைக் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு தடவை போடுங்கள், வெயில் ஏறினால் இலை தராமல் பூவுக்குப் போய்விடும். பச்சை மிளகாய்க்கு நேரம் கொஞ்சம் பிந்திவிட்டது, நாற்றாக வாங்குவது புத்தி. கறிவேப்பிலையை ஜூன் வரை வெளியே காட்டவே வேண்டாம்.

உங்கள் உண்மையான எதிரி ஓடில்லாத நத்தை. மழைக்கு அடுத்த இரவு டோர்ச் அடித்துப் பாருங்கள், விளங்கும். நத்தையைக் கொல்ல முந்திப் பாவித்த மெட்டல்டிஹைட் நீலக் குளிசைகளை 2022 ஏப்ரலில் இருந்து பிரித்தானியாவில் வெளித்தோட்டத்தில் போடத் தடை. யாராவது பழைய பெட்டியைத் தந்தால் வாங்காதீர்கள். முட்டைக்கோது, செம்பு நாடா என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுவார்கள். அரச தோட்டக்கலைச் சங்கம் சோதித்துப் பார்த்ததில் இரண்டாலும் வித்தியாசம் தெரியவில்லை. கையால் பொறுக்குவதுதான் என் வழி. அருவருப்பாக இருந்தால் பழைய கையுறை.

வாடகை வீடு என்றால் நிலத்தைக் கிண்ட முன் வீட்டுக்காரரைக் கேளுங்கள், இல்லாவிட்டால் பெரிய சாடிகளே போதும். கவுன்சில் வாடகைக்குத் தரும் தோட்டத் துண்டுக்கும் இன்றைக்கே பெயர் கொடுத்து வையுங்கள். 1908ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கேட்பவர்களுக்கு நிலம் ஏற்பாடு செய்வது உள்ளூராட்சியின் கடமைதான் (உள் லண்டன் கவுன்சில்களுக்கு மட்டும் அந்தக் கடமை இல்லை), ஆனால் லண்டனில் வரிசை வருடக்கணக்கில் நீளும். முழுத் துண்டு ஏறக்குறைய 250 சதுர மீற்றர். அரைத் துண்டு வந்தால் சந்தோஷமாக எடுங்கள், முழுத் துண்டுக் களையை வேலைக்குப் போகும் ஒருவர் சமாளிப்பது கஷ்டம்.

மூன்றாவது கேள்வி. வெயில் வந்தால் ஆட்கள் கொஞ்சம் இளகுவார்கள், உண்மை. ஆனால் இங்கே சனம் முகத்தைப் பார்த்துக் கதை தொடங்காது, கையில் இருக்கும் பொருளைப் பார்த்துத்தான் தொடங்கும். நாய் வைத்திருப்பவர்களைப் பாருங்கள், தெருவெல்லாம் சிநேகிதம். நாய்க்கு வழி இல்லை என்றால் குரோசே ஊசி. ஆசிரியர் அறையில் தேநீர் நேரம் ஒரு மூலையில் இருந்து பின்னிக்கொண்டிருந்தால் "என்ன செய்கிறீர்கள்?" என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். ஊரில் அம்மா, அக்காமார் மெல்லிய நூலில் மேசை விரிப்பும் கதிரைச் சரிகையும் பின்னியதைப் பார்த்த கைக்கு இங்கத்தைய தடித்த நூல் விளையாட்டு. டி.கே. என்று எழுதிய நூலும் 4 மில்லிமீற்றர் ஊசியும் வாங்குங்கள். நற்பணிக் கடைகளில் மிச்ச நூல் உருண்டைகள் மலிவாகக் கிடக்கும். முதலில் நான்கு மூலைச் சதுரம் பின்னிப் பழகுங்கள். ஈஸ்டருக்கு முன் சொக்லேட் முட்டை ஒன்றை வயிற்றுக்குள் வைக்கக்கூடிய மஞ்சள் கோழிக்குஞ்சுகளைப் பின்னி நற்பணிக்கு விற்பார்கள். ஒரு மாலையில் ஒன்று முடியும், பள்ளிக்கூட விற்பனைக்குக் கொண்டுபோனால் அலுவலகத்தில் இருப்பவர்கள் அன்றோடு உங்கள் பெயரைச் சரியாகச் சொல்லப் பழகிவிடுவார்கள். தெருமுனைச் சிவப்புத் தபால் பெட்டிக்குத் தொப்பி பின்னிப் போடும் கூட்டமும் பல ஊர்களில் உண்டு, போய்ச் சேருங்கள். பல நூலகங்களில் கிழமைக்கு ஒரு நாள் பின்னல்காரர் கூடி இருப்பார்கள், காசு கேட்க மாட்டார்கள். ஒரு எச்சரிக்கை: பாத்தி கொத்துவதும் குரோசே பின்னுவதும் ஒரே மணிக்கட்டைத்தான் வதைக்கும். கொத்திய நாளில் ஊசியைத் தொடாதீர்கள்.

இன்னொரு வழியும் உண்டு. இரண்டாம் வகுப்பில் விதை முளைப்பது பாடத்தில் இருக்கிறது, ஆகவே இந்த மாதங்களில் யன்னலோரம் எல்லாம் கோப்பையும் அவரையுமாக இருக்கும். விடுமுறையில் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லாமல் டீச்சர்மார் தவிப்பார்கள். வீடு பக்கத்தில்தானே, "நான் கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிப் பாருங்கள்.

கடைசியாகப் படிவம். வேலை செய்யும் உரிமையைக் காட்ட இணையத்தில் ஷேர் கோட் (வேலை தருபவர் உங்கள் உரிமையைச் சரிபார்க்கும் குறியீடு) எடுத்து வையுங்கள். பின்னணிச் சோதனையைப் பள்ளியே செய்யும், ஆனால் வெளிநாட்டில் இருந்தவர்களிடம் அந்த நாட்டுப் பொலிஸ் சான்றிதழும் கேட்பார்கள். இலங்கைப் பொலிஸ் தலைமையகத்துக்கு இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம், வந்து சேர நாள் எடுக்கும், இப்பவே தொடங்குங்கள். ஈஸ்டருக்கு வழமையாக இரண்டு கிழமை பள்ளி பூட்டு, அந்த நாட்களில் மின்னஞ்சலுக்குப் பதில் வராது. வேலைப் படிவத்தை இந்த வெள்ளிக்கு முன் அனுப்பிவிடுங்கள்.