எத்தனை ஆட்டம் பின்னால்?

தம்பி, நீங்கள் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். வந்து நாலு மாதம், ஸ்காபரோவில் ஒரு வெயர்ஹவுஸில் விடியற்காலை ஷிஃப்ட். பிரேக் நேரத்தில் ரீவியில் முதல்நாள் பேஸ்போல் முடிவுகள் இலக்கம் இலக்கமாக ஓடுகின்றன. கூட வேலை செய்கிறவர்கள் அதைப் பார்த்துக் கதைக்கிறார்கள், கத்துகிறார்கள், தலையில் கை வைக்கிறார்கள். நீங்கள் ஓரமாக இருந்து போனைப் பார்க்கிறீர்கள். "எனக்குக் கிரிக்கெட் தவிர ஒன்றும் தெரியாது. இதைப் படிக்காமல் இந்த நாட்டில் இருக்க ஏலாதா அண்ணை? படிக்கிறதென்றால் எங்கே தொடங்குவது?" என்று கேட்டிருந்தீர்கள்.

இருக்க ஏலும். முப்பது வருடமாக இங்கே இருந்தும் ஒரு ஆட்டம்கூடப் பார்க்காத எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர், அவர்களுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஓரத்தில் இருப்பது உங்களுக்கு உறுத்துகிறது. இல்லாவிட்டால் இதைக் கேட்டிருக்க மாட்டீர்கள். அதனால் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். விதிகளில் தொடங்காதீர்கள். அட்டவணையில் தொடங்குங்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

நான் வந்தது 1991 கடைசியில். டவுன்ரவுனில் ஒரு ரெஸ்ரோறண்ட் குசினியில் கோப்பை கழுவினேன். அங்கே பெரிய குக் ஒரு போர்த்துக்கீச மனிதர், அறுபது வயது இருக்கும். அவருடைய ஆங்கிலமும் என்னுடையதைப் போலத்தான். காலையில் வந்ததும் பேப்பரில் விளையாட்டுப் பக்கத்தை மட்டும் கிழித்து, சிங்குக்கு மேலே சுவரில் ஈரக் கையால் ஒட்டிவிடுவார். மத்தியானத்துக்குள் ஆவி பிடித்து அது சுருண்டு விழும். 1992 கோடையில் ஒரு நாள் அதைக் குனிந்து எடுத்தபோது, "உனக்கு விளங்குமா?" என்று கேட்டார். இல்லையென்றேன். உருளைக்கிழங்குப் பெட்டியின் மூடியைக் கிழித்து, காதில் செருகியிருந்த பென்சிலால் இரண்டு அணிகளின் பெயரை எழுதினார். பக்கத்தில் வெற்றி, தோல்வி. வெற்றிகளைக் கழித்தார், தோல்விகளைக் கழித்தார், இரண்டையும் கூட்டினார், பாதியாக்கினார். அந்த விடையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அந்த வட்டத்துக்குள் இருந்த இலக்கத்தைப் பற்றித்தான் அந்தக் குசினி முழுவதும் நாள் முழுக்கக் கதைத்துக்கொண்டிருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த வட்டத்தை உங்களுக்கும் போட்டுக் காட்டுகிறேன். 2025 யூலை 1, கனடா தினம். நியூயோர்க் யாங்கீஸ் ரொறன்ரோவுக்கு வந்து நாலு ஆட்டம் ஆடுகிறது, அன்று இரண்டாவது. ரொறன்ரோ 12, நியூயோர்க் 5. அன்றிரவு யாங்கீஸ் கணக்கு 48 வெற்றி, 37 தோல்வி. ரொறன்ரோ அணியான ப்ளூ ஜேஸ் 47 வெற்றி, 38 தோல்வி. வெற்றியில் வித்தியாசம் ஒன்று, தோல்வியில் வித்தியாசம் ஒன்று. கூட்டினால் இரண்டு, பாதி ஒன்று. ரொறன்ரோ ஒரு ஆட்டம் பின்னால். ரீவியில் ஜிபி என்று தலைப்புப் போட்டிருக்கும் நிரல் இதுதான். சில நாள் அதில் அரை வரும். ஒரு அணி ஆடியிருக்கும், மற்ற அணிக்கு அன்று ஓய்வாக இருக்கும், அவ்வளவுதான். வெற்றி வீதம் என்று இன்னொரு நிரல் இருக்கும். 48ஐ 85 ஆல் பிரித்தால் .565. அது .600க்கு மேலே நின்றால் மிகத் திறமான அணி, .400க்குக் கீழே போனால் அந்த வருடம் பாழ். கிரிக்கெட்டைப் போலப் புள்ளிகள் இல்லை, நெற் ரன் ரேற் இல்லை, ட்ரோவும் இல்லை. சமனாக நின்றால் முடிவு வரும்வரை மேலதிக இனிங்ஸ் ஆடுவார்கள்.

எந்தக் கூட்டத்துக்குள் பின்னால் என்பதும் தெரிய வேண்டும். மொத்தம் 30 அணிகள். அமெரிக்கன் லீக், நஷனல் லீக் என்று இரண்டு பாதி. ஒவ்வொன்றிலும் கிழக்கு, மத்தி, மேற்கு என்று ஐந்து ஐந்து அணிகள். எங்கள் ரொறன்ரோ அமெரிக்கன் லீக் கிழக்கில் இருக்கிறது. கூட இருப்பவை நியூயோர்க், பொஸ்ரன், பல்ரிமோர், தம்பா பே. இப்போதைக்கு இந்த ஐந்து வரிகளை மட்டும் பாருங்கள். மற்ற 25 அணிகளும் தானாக வந்து சேரும்.

இனி ஒரு நாள் முடிவை எப்படி வாசிப்பது என்பது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் இரண்டு வரி, ஒன்பது கட்டம், கடைசியில் மூன்று இலக்கம். கட்டங்கள் இனிங்ஸ். கடைசி மூன்றும் முறையே ரன், ஹிற் (அடித்துவிட்டுப் பத்திரமாக ஓடிச் சேர்ந்தது), பிழை (பந்துத் தடுப்பில் விட்டது). சொந்த ஊர் அணி எப்போதும் இரண்டாவதாகத்தான் துடுப்பெடுக்கும். கிரிக்கெட்டில் சேஸ் பண்ணுகிற அணி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவது இனிங்ஸில் எதிரணி ஆடி முடித்தும் சொந்த அணி முன்னால் நின்றால் மேலே ஆடத் தேவையில்லை, அந்தக் கட்டத்தில் எக்ஸ் போடுவார்கள். அந்தக் கனடா தின ஆட்டத்தில் ரொறன்ரோ வரியின் கடைசிக் கட்டத்தில் எக்ஸ்தான். முடிவுக்குப் பக்கத்தில் 10, 11 என்று இருந்தால் ஆட்டம் நீண்டிருக்கிறது என்று அர்த்தம். கீழே இரண்டு மூன்று பிச்சர்களின், அதாவது பந்து எறிகிறவர்களின், பெயர் இருக்கும்: வென்றவர், தோற்றவர், கடைசியில் வந்து காத்துக் கொடுத்தவர்.

அந்த ஆட்டத்தில் எங்கள் ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் இரண்டு ஹோம் ரன் அடித்தார், கிரிக்கெட் சிக்ஸரைப் போல பந்து வேலிக்கு அப்பால். அதில் ஒன்று மூன்று பேஸிலும் (ஓடி நிற்கிற முனைகளில்) ஆள் நிற்கும்போது, ஒரே அடியில் நாலு ரன். தனியாளாக ஏழு ரன் கொண்டுவந்தார். ஆட்டம் பார்க்காதவனும் அடுத்த நாள் காலையில் அந்த ஒரு வரியை வைத்து அரை மணித்தியாலம் கதைக்கலாம்.

ஒன்று சொல்ல வேண்டும், கிரிக்கெட்டில் வளர்ந்த எங்களுக்கு இது விளங்கக் கொஞ்சம் நாள் எடுக்கும். ஒரு அணி வருடத்தில் 162 ஆட்டம் ஆடுகிறது. மார்ச் கடைசியில் தொடங்கி செப்ரெம்பர் கடைசிவரை கிட்டத்தட்ட ஒவ்வொரு நாளும் ஆட்டம். எங்களுக்கு ஒரு மட்ச் தோற்றால் வீடே இழவு வீடு. இங்கே மிகத் திறமான அணியும் ஐம்பது அறுபது ஆட்டம் தோற்கும். முதல் வருடம் நான் அதை விளங்காமல், ஜேஸ் தோற்ற ஒரு காலையில் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு போய் நின்றேன். குக் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்றைக்கு யார் பிச்சர்?" என்று மட்டும் கேட்டார். தொடக்க பிச்சர்கள் ஐந்து பேர் முறை வைத்து வருவார்கள். நேற்று எறிந்தவர் இன்றைக்கு எறிய மாட்டார். ஆகவே நேற்றைய ஆட்டத்தை வைத்து இன்றையதைச் சொல்ல ஏலாது. அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். அது மெல்ல மெல்லத்தான் நகரும்.

மெல்ல நகர்வது ஒரே கிழமையில் எப்படிப் புரளும் என்பதை அந்த நாலு நாளும் காட்டின. யூன் 30 காலையில் ரொறன்ரோ மூன்று ஆட்டம் பின்னால். அன்றிரவு 5க்கு 4 என்று வென்றது, இரண்டாகக் குறைந்தது. கனடா தினத்தில் ஒன்று. அடுத்த நாள் 11க்கு 9, இரண்டு அணியும் சமன். யூலை 3 அன்று 8க்கு 5. நாலையும் வென்றாகிவிட்டது, ரொறன்ரோ தனியாக முதலிடம். ஒரு வருடம் முன்புதான், 2024இல், இதே அணி 74 வெற்றி 88 தோல்வியோடு இந்தக் கிழக்குப் பிரிவில் கடைசியாக நின்றது. அந்தக் கிழமை நான் ஒவ்வொரு காலையும் தேத்தண்ணி போட முதல் அட்டவணையைப் பார்த்தேன்.

அந்த நாலு வெற்றியின் விலை செப்ரெம்பரில்தான் தெரிந்தது. 162 ஆட்டமும் முடிந்தபோது ரொறன்ரோ 94 வெற்றி 68 தோல்வி. நியூயோர்க்கும் 94, 68. சமனாக வந்தால் இரண்டு அணியும் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களைப் பார்ப்பார்கள். அதில் ரொறன்ரோ 8, நியூயோர்க் 5. அந்த நாலில் ஒன்று மாறியிருந்தாலும் முதலிடம் நியூயோர்க்குக்குப் போயிருக்கும். முதலிடம் வந்தபடியால் ரொறன்ரோ முதல் சுற்றை ஆடாமலே தாண்டியது. யாங்கீஸ் பொஸ்ரனோடு மூன்று ஆட்டம் மல்லுக்கட்டி வென்று வந்து, பிறகு எங்களிடம் தோற்றது. யூலையில் நடக்கும் ஆட்டத்துக்கு என்ன பெறுமதி என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்லுவேன்.

யூலை முக்கியமாவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மாத நடுவில் இரண்டு லீக்கின் சிறந்த ஆட்டக்காரர்களும் மோதும் ஓல் ஸ்ரார் ஆட்டத்துக்காக நாலு நாள் ஓய்வு, மாதக் கடைசியை ஒட்டி ஆட்களை மாற்றிக்கொள்ளும் காலக்கெடு. முன்னால் நிற்கிற அணி ஆள் வாங்கும், பின்னால் நிற்கிற அணி தன்னுடைய நல்ல ஆட்டக்காரரைக் கொடுத்து இளம் பிள்ளைகளை வாங்கும். ரெண்டும் கெட்டான் இடத்தில் நிற்கிற அணிகளுக்குத்தான் தலைவலி. 2025இல் ரொறன்ரோ அப்படித்தான் கிளீவ்லாண்டிடமிருந்து ஷேன் பீபர் என்ற பிச்சரை எடுத்தது. உங்கள் பிரேக் அறையில் யூலையில் சத்தம் கூடுவதற்கு இதுவும் காரணம். அட்டவணையில் வைல்ட் கார்ட் என்று இன்னொன்றும் காட்டுவார்கள். பிரிவில் முதலிடம் வராத அணிகளில் ஒவ்வொரு லீக்கிலும் மூன்றுக்கு இடம் உண்டு. நான் வந்த காலத்தில் அது இல்லை. முதலிடம் வந்தால் மட்டும்தான்.

கீழே நிற்கிற அணியைப் பார்த்துப் பரிதாபப்பட அவசரப்படாதீர்கள். மொன்றியலில் எக்ஸ்போஸ் என்று ஒரு அணி இருந்தது. 1994இல் 74 வெற்றி 40 தோல்வி, மொத்த அணிகளிலும் முதலாவது. ஓகஸ்ட் 12இல் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், அந்த வருட ஆட்டங்கள் அத்தோடு முடிந்தன. சம்பியன் போட்டியே நடக்கவில்லை. அந்த அணி 2005இல் வாஷிங்டனுக்குப் போய் நஷனல்ஸ் ஆனது. அதே நஷனல்ஸ் 2019இல் முதல் 50 ஆட்டத்தில் 19தான் வென்றது. ஒக்ரோபரில் சம்பியன் ஆனது. மொன்றியல்காரர் யாரோடாவது வேலை செய்தால் இந்தக் கதையைக் கேளுங்கள், ஆனால் சும்மா கேட்காதீர்கள், அவர்களுக்கு அது இன்னும் புண்.

ஆட்டம் விளங்குமா என்று பயப்பட வேண்டாம். ஊரில் எல்லே விளையாடியிருப்பீர்கள்தானே? தடியால் பந்தை அடித்துவிட்டு முனை முனையாகச் சுற்றி ஓடி வருவது. எனக்குப் பாதி அதிலேயே விளங்கிவிட்டது. மீதி, பார்க்கப் பார்க்க வரும். மூன்று தரம் தவறவிட்டால் அவுட், மூன்று பேர் அவுட் ஆனால் பாதி இனிங்ஸ் முடிவு. இதற்கு மேல் முதல் கிழமைக்குத் தேவையில்லை.

1993 ஒக்ரோபர் 23, சனிக்கிழமை இரவு. குசினியில் ரேடியோ மட்டும்தான். ஒன்பதாவது இனிங்ஸில் பிலடெல்பியா முன்னால். எங்கள் ஜோ கார்ட்டர் மூன்று ரன் ஹோம் ரன் அடித்து 8க்கு 6 என்று முடித்தபோது, குக் கையில் இருந்த கரண்டியைப் போட்டுவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். என்னுடைய இரண்டு கையிலும் சவர்க்கார நுரை. ரொறன்ரோ இரண்டாவது வருடமும் சம்பியன். வேலை முடிந்து வெளியே வந்தால் யங் வீதியில் கால் வைக்க இடமில்லை. யாரென்றே தெரியாதவர்கள் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வந்து இரண்டு வருடத்தில் இந்த ஊரில் என்னை யாரும் அப்படித் தொட்டது கிடையாது. நான் தலைகீழாகப் பாடமாக்கிய அட்டவணை அன்றைக்கு என்னுடையதாகவும் இருந்தது. 2025 நவம்பர் 1 இரவும் அப்படித்தான். இந்த முறை சம்பியன் போட்டியில் லொஸ் ஏஞ்சல்ஸ் டொட்ஜர்ஸிடம் ஏழாவது, கடைசி ஆட்டத்தில், பதினொரு இனிங்ஸ் போய், 5க்கு 4 என்று தோற்றோம். நித்திரை வரவில்லை. அடுத்த நாள் கடையில் பாண் வாங்கப் போனால் காசுப் பெட்டியில் நின்ற பெண்ணுக்கும் கண் சிவந்திருந்தது. ஒன்றும் கதைக்கவில்லை, இருவரும் தலையை மட்டும் ஆட்டினோம்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. சியாட்டில், லொஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்து ஆட்டங்கள் எங்கள் நேரப்படி இரவு பத்துக்குத்தான் தொடங்கும், முடிய ஒரு மணியாகும். மற்றவர்கள் அதற்குள் படுத்துவிடுவார்கள். நாலு மணிக்கு எழும்புகிற நீங்கள் பஸ்ஸில் இருந்தபடி முழு முடிவையும் பார்த்துவிடலாம். நாளைக்கே அந்த ஐந்து வரிகளைப் பார்த்துவிட்டுப் போங்கள். பிரேக் அறையில் யாரிடமாவது, இன்றைக்கு யார் பிச்சர் என்று கேளுங்கள். தெரிந்ததுபோல் நடிக்க வேண்டாம், தெரியாது என்று சொல்லியே கேளுங்கள். இந்த விளையாட்டை விளங்கப்படுத்தச் சொன்னால் எரிச்சல்பட்ட ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

ஒரு நாள் நேரிலும் போகத்தான் வேண்டும். கென்னடியில் சப்வே எடுத்து, யங்கில் மாறி யூனியனில் இறங்கினால், மூடின பாதையாலேயே மைதானம்வரை நடக்கலாம். மழையென்றால் கூரையை மூடிவிடுவார்கள். மேல் தட்டில் இருங்கள், அங்கேயிருந்துதான் ஒன்பது பேரும் எங்கே நிற்கிறார்கள், ஆளுக்கு ஆள் எப்படி இடம் மாறுகிறார்கள் என்பது தெரியும். உங்களுக்கு எந்த நாளில் லீவு என்று எழுதுங்கள். வார நாளென்றால் நானும் வருகிறேன்.