இரண்டாம் ஆண்டு மாணவருக்கு வரவேற்பு வாரத்தில் என்ன இருக்கிறது?

"இரண்டாம் ஆண்டுக்குத் திரும்பப் போகிறேன். வரவேற்பு வாரம் புதிதாக வருபவர்களுக்குத்தானே? பழைய மாணவர்களுக்கு அதனால் பயன் உண்டா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எந்த நாடு என்று சொல்லவில்லை. நான் படித்தது இங்கிலாந்தில். நீங்களும் அங்கேதான் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இன்னும் ஒரு வாரம் ஊரில் இருந்துவிட்டு, வகுப்பு தொடங்கும் அன்று போய் இறங்கினால் போதாதா என்பதுதான் உங்கள் மனத்தில் ஓடுகிறது என்று நினைக்கிறேன். நான் அதைத்தான் செய்தேன். செய்திருக்கக் கூடாது.

பல்கலைக்கழகத்தில் வகுப்பு தொடங்கும் முன் வரும் அந்த வாரம் பெரும்பாலும் செப்டம்பர் கடைசியில் இருக்கும். திண்டுக்கல்லில் அம்மா, "கொலு வைக்கிற வரைக்கும் இருந்துவிட்டுப் போயேன்" என்றார். ஒரு வாரம் தள்ளி எடுத்தால் விமான டிக்கெட்டும் மலிவாக இருந்தது. முதலாண்டில் பார்த்ததையே மறுபடி ஏன் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. தள்ளிப் போட்டேன்.

முதலாண்டில் நம்மைக் கவனிக்கப் பலர் இருக்கிறார்கள். விமான நிலையத்திலிருந்து அழைத்துப் போகப் பேருந்து வரும். விடுதியில் பொறுப்பாளர் கதவைத் தட்டி, சாப்பிட்டாயா என்று கேட்பார். இரண்டாம் ஆண்டில் விடுதியை விட்டு வாடகை வீட்டுக்குப் போய்விடுகிறோம். அங்கே காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துக் கிடந்தாலும் கேட்க ஆளில்லை. பெரும்பாலான படிப்புகளில் முதலாண்டு மதிப்பெண் பட்டத்தின் தரத்தில் சேராது, இரண்டாம் ஆண்டிலிருந்துதான் சேரும். மதிப்பெண் கணக்கில் ஏறத் தொடங்கும் அதே ஆண்டில்தான் நம்மைக் கவனிக்கவும் ஆள் இல்லாமல் போகிறது.

நான் இழந்தது இதுதான். என் துறையில், இரண்டாம் ஆண்டு முடிந்ததும் ஒரு வருடம் நிறுவனத்தில் சம்பளத்துக்கு வேலை பார்த்துவிட்டு, பிறகு இறுதியாண்டு படிக்க ஒரு வழி இருந்தது. அதற்கான விளக்கக் கூட்டம் வரவேற்பு வாரத்தின் புதன்கிழமை நடந்திருக்கிறது. அன்று நான் ஊரில் பரணிலிருந்து கொலுப் பொம்மைகளை இறக்கிக்கொண்டிருந்தேன். பெரிய நிறுவனங்கள் பல செப்டம்பரிலேயே விண்ணப்பம் வாங்கத் தொடங்கி, கிறிஸ்துமஸுக்கு முன்பே முடித்துவிடுகின்றன. எனக்கு விஷயம் தெரிந்தது ஜனவரியில். "மின்னஞ்சல் அனுப்பியிருப்பார்களே, நீதான் படிக்கவில்லை" என்று யாராவது எழுதுவீர்கள். அனுப்பினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அந்த வாரத்தில் வந்த நாற்பது ஐம்பது மின்னஞ்சல்களுக்கு நடுவில் அதுவும் ஒன்றாகக் கிடந்தது. ஊரில் உட்கார்ந்து கைப்பேசியில் பார்க்கிறவனுக்கு எது முக்கியம் என்று எப்படித் தெரியும்? அங்கே இருந்திருந்தால் கூடப் படிப்பவன் ஒருவன், "வா, போகலாம்" என்று இழுத்துக்கொண்டு போயிருப்பான். (மாணவர் விசாவில் இருப்பவர்கள் இந்த ஒரு வருட வேலைக்கு மாறுவதற்குத் தனி விதிகள் உண்டு. சர்வதேச மாணவர் அலுவலகத்தில் கேட்காமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.)

அக்டோபரில் நகராட்சியிலிருந்து எங்கள் வாடகை வீட்டுக்கு ஒரு பழுப்பு உறை வந்தது. கவுன்சில் வரி என்று ஆயிரம் பவுண்டுக்கு மேல் போட்டிருந்தார்கள். நான்கு பேரும் இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை. வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர்களாக இருந்தால் அந்த வரியே கிடையாது. பல்கலைக்கழகத்தில் சான்றிதழ் வாங்கி நகராட்சிக்கு அனுப்பினால் தீர்ந்தது. வரவேற்பு வாரத்தில் இதற்கென்றே மேசை போட்டு ஆள் உட்கார்ந்திருந்ததாகப் பிறகு சொன்னார்கள். வாடகை ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துச் சொல்ல மாணவர் சங்கத்தில் ஆலோசகர்களும் உண்டு, காசு வாங்க மாட்டார்கள். நீங்கள் கொடுத்த முன்பணத்தை வீட்டுக்காரர் 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டம் ஒன்றில் கட்டியிருக்க வேண்டும். கட்டினாரா என்று ஒப்பந்தத்தை அந்த ஆலோசகர்களிடம் காட்டிக் கேளுங்கள்.

மூன்றாம் ஆண்டில் நான் முன்கூட்டியே போனேன். சம்பளத்துக்குத்தான் போனேன், அதை மறைக்கவில்லை. புதிய மாணவர்களின் பெட்டிகளைத் தூக்கிக் கொடுத்து, வழி காட்டும் வேலைக்குப் பழைய மாணவர்களை மணிக்கணக்கில் சம்பளம் கொடுத்து எடுப்பார்கள். அதற்கான அறிவிப்பு தேர்வு நேரத்தில், மே மாதம் வாக்கில் வரும். அதனால்தான் பலர் கவனிப்பதில்லை. விசாவில் உள்ள வாரம் 20 மணி நேர வரம்பை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை மதியம் அரை மணி நேரம் ஓய்வு கொடுத்தார்கள். விளையாட்டு அரங்கில் வரிசையாக மேசைகள். வேலைவாய்ப்புப் பிரிவின் மேசையில், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு அம்மா தனியாக உட்கார்ந்திருந்தார். பீட்சா கொடுத்த மேசையில் அறுபது பேர் நின்றார்கள், இவரிடம் ஒருவரும் இல்லை. என் பயோடேட்டாவை நீட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பச்சை மையால் முதல் ஐந்து வரிகளையும் அடித்தார். தந்தை பெயர், பிறந்த தேதி, பாலினம், மதம், திருமணம் ஆகாதவர். "இதெல்லாம் எங்களுக்கு வேண்டாம், நீ என்ன செய்தாய் என்பதை மேலே கொண்டு வா" என்றார். முந்தைய ஆண்டு முழுவதும் முப்பது இடங்களுக்கு மேல் நான் அனுப்பியது அந்தப் பக்கத்தைத்தான்.

பிறகு என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்து, ஒரு பெயரைச் சொல்லி, "இப்படித்தானே உன்னைக் கூப்பிட வேண்டும்?" என்று கேட்டார். அது என் அப்பாவின் பெயர்.

இதைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை, கேள்விக்குத் தொடர்பில்லை என்றாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தலைப்பெழுத்து உண்டு, பெயர் உண்டு, அவ்வளவுதான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருந்தது. ஊரில் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் அப்பா பெயரை அதில் போட்டுவிட்டார். அதோடு நான் இங்கிலாந்தில் என் அப்பாவாகிவிட்டேன். ஆய்வகப் பட்டியலில் அப்பா பெயர், மின்னஞ்சலில் அப்பா பெயர், மருத்துவமனையில் கூப்பிடுவதும் அப்பா பெயர். அவர் பெயரை நான் மதிக்கிறேன். என் படிப்புக்காக வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்தவர் அவர். ஆனால் என் வகுப்புப் பையன்கள் நாள் முழுவதும் "டேய்" போடுகிற தொனியில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும்போது உடம்பு கூசும். எங்கள் வீட்டில் அம்மாகூட அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். ஒரு தமிழ்ப் பையன் இரண்டு ஆண்டு இப்படி இருந்தது பல்கலைக்கழகத்தில் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

அந்த அம்மாவிடம் என் பெயரைச் சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். மூன்றாவது முறை ழகரம் ஏறக்குறைய வந்துவிட்டது. பக்கத்து மேசையைக் கை காட்டினார். பாஸ்போர்ட்டில் உள்ளது அப்படியே இருக்கும், அழைக்கும் பெயரை மட்டும் பதிவேட்டில் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். ஒரு படிவம், பத்து நிமிடம். புதிய அட்டை அச்சாகிச் சூடாகக் கைக்கு வந்தது. முதலாண்டிலிருந்தே இந்த வசதி இருந்திருக்கிறது.

இந்த வாரமே குடியும் கூத்தும்தான் என்று சிலர் எழுதுவார்கள். ராத்திரி நிகழ்ச்சிகள் அப்படித்தான், நான் போனதில்லை. பகலில் நடப்பது வேறு. எல்லாப் பல்கலைக்கழகத்திலும் இதே ஏற்பாடுகள் இருக்கும் என்றும் நான் சாதிக்கவில்லை. உங்கள் பல்கலைக்கழகத்தின் நிகழ்ச்சி நிரலில் 'திரும்பும் மாணவர்கள்' என்று தனிப் பகுதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டாலும் துறையின் கூட்டம், வேலைவாய்ப்பு மேசை, வீட்டு விவகார ஆலோசனை, இந்த மூன்றுக்கும் போய்விடுங்கள். பீட்சா வரிசையில் கடைசியாக நின்றால் போதும்.

டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை என்றால், அந்த வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை போய்ச் சேரும்படி எடுங்கள். ஞாயிறன்று தூங்கி எழுந்தால் திங்கட்கிழமை காலை தெளிவாக இருப்பீர்கள். அம்மா கொலுவைப் பற்றிப் பேசினால் வீடியோ அழைப்பில் காட்டச் சொல்லுங்கள். என் அம்மா இப்போது படி படியாகக் காட்டுகிறார்.