கல்லில் சிப்பித் தடம் இருந்தால் அங்கே கடல் இருந்ததா?

கேள்வி: மலைச்சரிவில் பாதைக்காக வெட்டிய இடத்தில் உள்ளங்கை அகலக் கல் ஒன்று கிடைத்தது. பழுப்பு நிறம், தட்டுத் தட்டாகப் பிளக்கிறது. ஒரு முகத்தில் அலை அலையாக வரிகள், பிளந்த உட்புறத்தில் இரண்டு சிப்பித் தடங்கள். "அங்கே ஒரு காலத்தில் கடல் இருந்திருக்கிறது" என்கிறார் நண்பர். ஆய்வகத்துக்குப் போகாமல் இதை நானே சரிபார்க்க முடியுமா?

பதில்: பெருமளவுக்கு முடியும். ஆனால் சிப்பியைக் கண்டதும் கடல் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஆற்றிலும் ஏரியிலும்கூட சிப்பிகளும் நத்தைகளும் உண்டு. பவளம், அம்மோனைட் (சுருள் ஓட்டோடு வாழ்ந்து அழிந்துபோன உயிரினம்) போன்றவை கடலுக்கே உரியவை. இவற்றில் ஒன்று கண்ணில் பட்டால் கடல் என்று துணிந்து சொல்லலாம். வெறும் சிப்பி என்றால் கல்லிடம் இன்னும் சில கேள்விகள் கேட்க வேண்டும்.

உங்களிடம் இருப்பது படிவுப் பாறை. பழைய பாறைகள் வெயிலிலும் மழையிலும் பனியிலும் சிதைந்து துகளாகின்றன. ஓடும் நீர் அவற்றைச் சுமந்து போகிறது. வேகம் குறையக் குறைய முதலில் கூழாங்கல், பிறகு மணல், கடைசியில் சேறு என்று இறக்கிவிடுகிறது. அதன்மேல் அடுத்த படிவு, அதற்கும் மேல் இன்னொன்று. மேலே ஏறும் சுமையில் துகள்கள் நெருங்குகின்றன, இடையில் இருந்த நீர் பிதுங்கி வெளியேறுகிறது. அந்த நீரில் கரைந்திருந்த கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமமோ சிலிக்காவோ இரும்பு ஆக்சைடோ துகள்களுக்கு நடுவே படிந்து ஒட்டவைக்க, மணல் கல்லாகிறது. சுண்ணாம்புப் பாறை பெரும்பாலும் வேறு வழியில் வந்தது. அதில் துகளே உயிரினங்களின் ஓடுகளும் எலும்புக்கூடுகளும்தான்.

ஆகவே துகளின் அளவுதான் நான் முதலில் பார்ப்பது. அதைச் சுமந்த நீரின் வேகத்தை அது சொல்லிவிடும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் போதும். 2 மில்லிமீட்டரிலிருந்து 0.06 மில்லிமீட்டர் வரை மணல். அதற்கும் கீழே போனால் லென்ஸ் உதவாது. கழுவிய கல்லின் ஒரு துணுக்கை முன்பல்லில் லேசாக உரசிப் பாருங்கள். நறநறத்தால் வண்டல், வழவழவென்று போனால் களி. நிலவியலாளர்கள் களத்தில் செய்யும் சோதனைதான் இது. மென்மையான களி மட்டுமே இருந்தால் நீர் அங்கே ஏறக்குறைய அசையாமல் நின்றிருக்கிறது. ஒரே அளவு மணல் மட்டும், களியே இல்லை என்றால் அலையோ காற்றோ வெகுகாலம் சலித்த மணல்.

அந்த அலை வரிகளில் நிறையச் செய்தி இருக்கிறது. கல்லைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, பக்கவாட்டில் பாருங்கள். வரியின் இரண்டு சரிவுகளும் ஒரே மாதிரி இருந்தால் முன்னும் பின்னும் ஆடிய அலையின் வேலை. பெரும்பாலும் கரையோர ஆழமற்ற நீர், ஆனால் ஏரிக்கரையாகவும் இருக்கலாம். ஒரு பக்கம் நீளச் சரிவு, மறுபக்கம் செங்குத்து என்றால் ஒரே திசை ஓட்டம். செங்குத்துப் பக்கம் நோக்கித்தான் நீர் ஓடியது. அலை உண்டாக்கிய வரிகளில் முகடு கூர்மையாகவும் பள்ளம் வளைவாகவும் இருக்கும். உங்கள் கல்லில் அது தலைகீழாக இருந்தால் நீங்கள் பார்ப்பது மேல் அடுக்கின் அடிப்பகுதி, அதாவது கீழிருந்த வரிகள் அதில் பதிந்த அச்சு. கல்லின் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று இப்படித் தெரிந்துகொள்ளும்போது எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கும்.

சிப்பியையும் அதே கவனத்தோடு பாருங்கள். இரண்டு ஓடுகளும் சேர்ந்தே இருந்தால் அது அங்கேயே, அல்லது மிக அருகில் வாழ்ந்து புதைந்திருக்கிறது. தனித்தனி ஓடுகள், பல குப்புறக் கவிழ்ந்த நிலையில் என்றால் ஓட்டம் புரட்டிப்போட்டவை. அந்த நிலையில்தான் நீர் அவற்றை எளிதில் நகர்த்த முடியாது.

கல்லின் மூலையில் கொஞ்சம் சுரண்டி, அந்தத் தூளில் வினிகர் ஒரு சொட்டு விடுங்கள். நுரைத்தால் கால்சைட் இருக்கிறது. அது கடலுக்குச் சான்று ஆகாது. சிப்பித் தடத்தின்மேல் மட்டும் வினிகர் படவே கூடாது, அரித்துவிடும். நிறத்தை நம்பாதீர்கள், பழுப்பும் சிவப்பும் பல லட்சம் ஆண்டுகள் கழித்துக்கூட ஏறியிருக்கலாம்.

இவ்வளவு பார்த்தாலும், தனிக் கல்லைவிட அது இருந்த அடுக்கும் அதன் வரிசையும்தான் அதிகம் பேசும். கலையாத அடுக்குகளில் கீழே இருப்பதே மூத்தது என்று 1669-இல் டென்மார்க் அறிவியலாளர் நிக்கோலஸ் ஸ்டெனோ எழுதியது இன்றும் எங்கள் அடிப்படை. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் இதைக் கண்ணாரக் காணலாம். வெயிலில் வெடித்த சேற்றின் தடங்களோடு ஹெர்மிட் அடுக்கு. அது ஆற்றுச் சமவெளி. அதன்மேல் வெளிறிய கொக்கோனினோ மணற்பாறை, சாய்ந்த அடுக்குகளோடு. அது பாலைவன மணல்மேடு. இன்னும் மேலே, விளிம்பில், கடல் உயிரினங்களின் எச்சங்களோடு கைபாப் சுண்ணாம்புப் பாறை. ஒரே இடம் ஆற்றுவெளியாக, பாலையாக, கடலாக மாறியிருக்கிறது.

மலைமேல் கடலா என்று தயங்க வேண்டாம். எவரெஸ்ட் உச்சியில் இருப்பதே கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறைதான். கடல் அங்கே ஏறவில்லை, தரைதான் உயர்ந்தது.

எனவே வெட்டிய இடத்துக்கு மறுபடி போக முடிந்தால், சரியும் பாறைக்கு நேர் கீழே நிற்காமல், கல் வந்த அடுக்கைக் கண்டுபிடியுங்கள். அதற்கு மேலும் கீழும் உள்ள அடுக்குகளைப் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். பவளம் இருக்கிறதா, சேற்று வெடிப்பு இருக்கிறதா, துகள் மேலே போகப் போக நுண்மையாகிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். வயதை மட்டும் வீட்டில் கணிக்க முடியாது. மணல் துகள்கள் கல்லைவிட மூத்தவை, அவற்றை அளந்தால் தாய்ப்பாறையின் வயதுதான் கிடைக்கும். அடுக்குகளுக்கு நடுவே எரிமலைச் சாம்பல் இருந்தால் அதிலிருக்கும் சிர்க்கான் என்ற கனிமத்தின் படிகங்களைக் கொண்டு ஆய்வகத்தில் கணக்கிடலாம். வெளிறிய, மென்மையான மெல்லிய பட்டை ஏதாவது தென்பட்டால் அது அந்தச் சாம்பலாக இருக்கலாம்; அதைக் கலைக்காமல், இருக்குமிடத்தைக் குறித்து அருகிலுள்ள பல்கலைக்கழக நிலவியல் துறைக்குத் தெரிவியுங்கள்.