தலைகீழாகப் பறந்தால் மூக்கு தாழ்கிறதே?

கேள்வி: ரிமோட்டில் பறக்கவிடும் என் ஃபோம் ஏரோபாட்டிக் (சாகச) மாடல் விமானம் நிமிர்ந்து நன்றாகப் பறக்கிறது. தலைகீழாகத் திருப்பினால் மூக்கு சட்டென்று தாழ்கிறது. டிரிம்மை (குச்சியைத் தொடாமலே விமானம் நேராகப் போக ரிமோட்டில் செய்யும் நுண்திருத்தம்) மாற்றலாமா?

பதில்: டிரிம்மில் கை வைக்காதீர்கள். முன்பக்கம் எடை கூடியிருக்கிறது. நல்ல உயரத்தில், 45 டிகிரியில் ஏற்றி, தலைகீழாக உருட்டி, எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடு) குச்சியை விட்டுவிடுங்கள். கோடு பிசகாமல் போய் மெல்லத் தாழ்ந்தால் சரி. உடனே தாழ்ந்தால் பேட்டரியை 5 மில்லிமீட்டர் பின்னால் தள்ளிப் பாருங்கள். வானத்தை நோக்கி வளைந்தால் பின்பக்கம் கனம். அந்த விமானத்தை அடக்குவது கஷ்டம். சரியான இடம் கிடைத்ததும் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். டிரிம் அதற்குப் பிறகுதான்.

இன்னொன்று, மன்றாடிக் கேட்கிறேன்: மேசையில் செட்டிங் பார்க்கும்போது புரொப்பெல்லரைக் கழற்றிவிடுங்கள். மின்மோட்டார் விரல் பட்டாலும் நிற்காது, இன்னும் பலமாகச் சுற்றப் பார்க்கும்.