பத்துக்குப் பத்து: ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

போன மாதம் தள்ளுபடியில் ‘டெத்லூப்’ கேம் வாங்கினேன். விமர்சனத் தளங்களில் ஐஜிஎன் பத்துக்குப் பத்து, கேம்ஸ்பாட் பத்துக்குப் பத்து என்று பார்த்துத்தான் வாங்கினேன். முதல் நாலைந்து மணி நேரம் பிரமாதம். அப்புறம் அதே நாலு இடம், அதே ஆட்கள். எதிரிகளுக்கு மூளையே இல்லை. வாசலில் நின்று சுட்டால் ஒவ்வொருவராக ஓடிவந்து சாகிறார்கள். புதிரை நான்தான் விடுவிக்கப்போகிறேன் என்று நினைத்தால், கடைசியில் ‘இந்த நேரத்துக்கு இங்கே போ, இவனைக் கொல்’ என்று கேமே வரிசைபோட்டுக் கொடுத்துவிடுகிறது. வெளியான சமயத்தில் பிசி கேம் விற்கும் ஸ்டீம் தளத்திலும் பலர் திட்டியிருக்கிறார்கள். விமர்சகர்கள் எந்த கேமை ஆடினார்கள்? காசு வாங்கிக்கொண்டு எழுதினார்களா, இல்லை எனக்குத்தான் ரசனை போதவில்லையா? கடைசிக் கட்டத்துக்கு முன்னால் நிறுத்தி வைத்திருக்கிறேன். முடிக்கலாமா?

கா.

*

அன்புள்ள கா.,

காசு விஷயத்தை முதலிலேயே முடித்துவிடலாம். வாங்கியிருக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். 2017-இல் டெத்லூப்பைச் செய்த இதே ஆர்க்கேன் ஸ்டுடியோவின் ‘ப்ரே’ வந்தபோது, ஐஜிஎன் விமர்சகருக்கு பிசியில் சேவ் ஃபைல் கெட்டுப்போய் ஆட்டம் நின்றது. பத்துக்கு நாலு போட்டார்கள். பேட்ச் வந்து சிக்கல் தீர்ந்த பிறகுதான் அது எட்டானது. வெளியிட்டது அப்போதும் பெதெஸ்டாதான். அதற்கு முந்தைய ஆண்டு அதே பெதெஸ்டா, விமர்சனப் பிரதியை ரிலீஸுக்கு ஒரு நாள் முன்னால்தான் தருவோம் என்று அறிவித்து விமர்சகர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது. இரண்டு தரப்புக்கும் கொஞ்சிக் குலாவுகிற உறவெல்லாம் இருக்கவில்லை.

எந்த கேமை ஆடினார்கள் என்று கோபத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அதற்கு நேரடியான பதிலே இருக்கிறது. பெரும்பாலான விமர்சகர்கள் ஆடியது சோனியின் பிஎஸ்5 கன்சோல் பதிப்பை. விமர்சனங்களின் மதிப்பெண்களைச் சேர்த்துச் சராசரி சொல்லும் மெட்டாகிரிட்டிக்கில் அதற்கு நூற்றுக்கு 88. 2021 செப்டம்பர் 14 அன்று பிசியிலும் சேர்ந்தே வெளியானது, ஆனால் அங்கே கதை வேறு. நல்ல கிராபிக்ஸ் கார்டு வைத்திருந்தவர்களுக்குக்கூட காட்சி திக்கித் திக்கி ஓடியது, மவுஸைத் திருப்பினால் கேமரா குதித்தது. திருட்டுப் பிரதியைத் தடுக்கும் டெனுவோ மென்பொருள்தான் காரணம் என்று ஒரு கூட்டம் அதையும் சேர்த்துத் திட்டியது. இதில் இன்னொரு கொடுமை, டெத்லூப்பில் ஒரு லெவலுக்கு நடுவில் சேவ் செய்ய முடியாது. பாதியில் கிராஷ் ஆனால் அந்த லெவலில் செய்தது அத்தனையும் போச்சு. ஸ்டீம் கோபத்தில் பெரும்பகுதி இதைப் பற்றியதுதான். நீங்கள் ஆடுவது பேட்ச் எல்லாம் போட்டு முடிந்த பதிப்பு. அதனால் அந்தக் கமெண்ட்களை உங்கள் கட்சிக்குச் சாட்சியாகக் கூப்பிடாதீர்கள். உங்கள் குறை வேறு, அவர்களுடையதைவிட முக்கியமானதும்கூட.

சரி, கேம் ஒழுங்காக ஓடியவர்கள் ஏன் பத்து போட்டார்கள்? இதற்கு ஆர்க்கேனின் பழைய கணக்கைப் பார்க்க வேண்டும். 2012-இல் ‘டிஸ்ஹானர்ட்’, 2016-இல் அதன் இரண்டாம் பாகம். இரண்டிலும் கையில் அருமையான ஆயுதங்களும் மந்திர சக்திகளும் இருக்கும், ஆனால் அவற்றை இஷ்டத்துக்குப் பயன்படுத்தினால் கேம் உங்களைக் குற்றவாளி ஆக்கும். கொலை கூடக் கூட ஊர் இருண்டுபோகும், முடிவும் மோசமாகும். அதனால் பலரும் என்ன செய்தார்கள்? ஒளிந்து ஒளிந்து போவது, ஒரு காவலாளி பார்த்துவிட்டால் உடனே பழைய சேவுக்குத் திரும்புவது. நானும் அப்படித்தான் ஆடினேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சேவ் செய்ய எஃப்5, பழைய சேவுக்குத் திரும்ப எஃப்9. அந்த கேம்களின் பாதி வேடிக்கையை அந்த இரண்டு பட்டன்களே தின்றுவிட்டன.

டெத்லூப் இந்த இரண்டையும் ஒரே வெட்டில் வெட்டியது. கதை நடக்கும் பிளாக்ரீஃப் தீவு ஒரு கால வளையத்தில் சிக்கியது, ஒரே நாள் திரும்பத் திரும்ப வரும். அங்கே எல்லாரும் மறுநாள் காலை உயிரோடு எழுந்துவிடுவார்கள், எனவே கொலைக்குப் பாவம் இல்லை. சேவ் இல்லை, எனவே திரும்பிப் போகவும் வழியில்லை. மாட்டிக்கொண்டால் மாட்டிக்கொண்டதுதான், சுட்டுத் தள்ளிக்கொண்டு ஓடவேண்டியதுதான். அப்படியே செத்தாலும் ஒரு லெவலில் இரண்டு முறை எழுப்பிவிடுகிறார்கள். பத்து வருடம் ஆர்க்கேன் கேம்களைப் பயந்து பயந்து ஆடிய ஒரு விமர்சகருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பத்தில் இரண்டு மார்க்காவது அந்த நிம்மதிக்கு விழுந்தது என்பது என் கணிப்பு. உங்களுக்கு இதுதான் முதல் ஆர்க்கேன் கேம் போலிருக்கிறது. அப்படியானால் உங்கள் கண்ணுக்குத் தெரிவது அழகான ஒரு ஷூட்டர், அதில் கொஞ்சம் மந்தமான எதிரிகள். அது தப்பில்லை, கேமில் இருப்பதும் அதுதான்.

காலமும் உதவியது. பிஎஸ்5 வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை, பிஎஸ்4-இலும் ஓடாத பெரிய கேம்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். டெத்லூப் அந்தச் சிலவற்றில் ஒன்று. (வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டு மார்ச்சிலேயே பெதெஸ்டாவின் தாய் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கி முடித்துவிட்டது. தன் சொந்த ஸ்டுடியோவின் கேம் சோனி கன்சோலில் வந்து கைதட்டல் வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. எக்ஸ்பாக்ஸுக்கு அது வர இன்னொரு வருடம் ஆனது.) வருடக் கடைசியில் கேம் அவார்ட்ஸில் 9 பரிந்துரைகள், மற்ற எதையும்விட அதிகம். கிடைத்தது இரண்டு: சிறந்த இயக்கம், சிறந்த கலை இயக்கம். ஆண்டின் சிறந்த கேம் விருது ‘இட் டேக்ஸ் டூ’வுக்குப் போனது.

எதிரிகளின் மந்தத்தை அந்த விமர்சனங்களிலேயே பலர் எழுதியிருந்தார்கள். நீங்கள் எண்ணை மட்டும் பார்த்துவிட்டு வாங்கியிருப்பீர்கள். இதற்குக் கதையிலேயே ஒரு சாக்கு உண்டு. அந்தத் தீவில் இருப்பவர்கள் சிப்பாய்கள் இல்லை, நாளைக்கு எப்படியும் எழுந்துவிடுவோம் என்று குடித்துக் கும்மாளமடிக்கும் பார்ட்டி கும்பல். நல்ல சாக்குதான், ஒரு மணி நேரத்துக்குத் தாங்கும்.

புதிர் விஷயத்தில் மட்டும் நான் முழுக்க உங்கள் பக்கம். விமர்சகர்கள் இதை லேசாக விட்டுவிட்டார்கள் என்பதுதான் என் புகாரும்.

கேம் கொடுத்த வாக்கு என்ன? நாலு இடம், காலையிலிருந்து இரவு வரை நாலு பொழுது. வளையத்தை உடைக்க எட்டுப் பேரை ஒரே நாளில் கொல்ல வேண்டும். எட்டுப் பேருக்கும் தனித்தனியாகப் போக ஒரு நாளில் பொழுது போதாது, எனவே ஆட்களை ஒரே இடத்துக்கு வரவழைக்க வேண்டும். ஈகோரின் ஆராய்ச்சியைக் கெடுத்துவிட்டால் அவர் ராத்திரி அலெக்சிஸின் பார்ட்டிக்கு வந்துவிடுவார். ஃபியாவும் சார்லியும் ரகசியமாகச் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கிறது. ஃபிராங்கின் வாணவேடிக்கையில் கைவைத்தால் அவர் கதை அதிலேயே முடிந்துவிடும். இதைக் கேட்டாலே ஒரு காகிதத்தை எடுத்துக் கட்டம் போடத் தோன்றுகிறது இல்லையா? கதவுகளின் எண்களைக்கூட ஆளுக்கு ஆள் மாற்றி வைத்திருக்கிறார்கள், யூடியூபைப் பார்த்து அடிக்க முடியாது. அவ்வளவு ஜாக்கிரதையாகக் கட்டிய ஒன்றில் காகிதத்துக்கு வேலையே வைக்கவில்லை. ஒவ்வொரு தடயத்தையும் கேமே குறித்துக்கொள்கிறது, அடுத்து எங்கே எந்தப் பொழுதில் போக வேண்டும் என்று அம்புக்குறி போடுகிறது, எல்லாத் தடயமும் சேர்ந்ததும் கடைசி நாளின் அட்டவணையையும் தானே எழுதித் தருகிறது. விடை ஒன்றே ஒன்றுதான், வேறு வரிசையில் எட்டுப் பேரையும் முடிக்க வழியில்லை. கோனார் உரையைக் கையில் கொடுத்துவிட்டுப் பரீட்சை எழுதச் சொன்ன மாதிரி.

இதற்குச் சொல்லப்படும் சமாதானம், இல்லாவிட்டால் ஆட்கள் குழம்பிவிடுவார்கள் என்பது. ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ 2019-இலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டது. அதுவும் கால வளையம்தான், 22 நிமிடத்தில் சூரியன் வெடித்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அதிலும் கப்பலில் ஒரு குறிப்பேடு உண்டு, நீங்கள் கண்டுபிடித்ததை அது பதிந்துகொள்ளும். ஆனால் அவற்றைக் கூட்டி விடை சொல்லாது, அது உங்கள் வேலை. ஒரு சின்ன குழு அந்த அளவுக்கு ஆடுபவரை நம்பியது. ஆர்க்கேனுக்குத் துணிச்சல் வரவில்லை. 2021-இல் ‘ரிட்டர்னல்’, ‘ஃபர்காட்டன் சிட்டி’, ‘ட்வெல்வ் மினிட்ஸ்’ என்று வரிசையாக லூப் கேம்கள் வந்துகொண்டிருந்தன. டெத்லூப்பையும் அவற்றோடு வைத்து, இந்த வளையம் என்ன வேலை செய்கிறது என்று கேட்டிருக்கலாம். பல விமர்சனங்கள் அதை ஆர்க்கேனின் பழைய கேம்களோடுதான் வைத்துப் பார்த்தன. அங்கே வைத்தால் அது பத்து. லூப் கேம்கள் பக்கத்தில் வைத்தால் நான் ஏழரை போடுவேன்.

அந்த ஏழரையில் பாதி, நாம் ஆடும் கோல்ட்டை வேட்டையாடும் ஜூலியானாவுக்கு. வாக்கி டாக்கியில் அவளும் கோல்ட்டும் போடும் சண்டை, ஜேசன் கெல்லி, ஓசியோமா அகாகா இருவரின் குரல் நடிப்பு, இதற்காகவே நான் சில தடவை ஓரமாக நின்று கேட்டிருக்கிறேன். நீங்கள் கடிதத்தில் அவளைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஆன்லைனில் ஆடவில்லையோ? வேறொரு ஆள் ஜூலியானாவாக உங்கள் ஆட்டத்துக்குள் நுழைந்து வேட்டையாடும்போது நீங்கள் சொல்லும் அந்த வாசல் தந்திரம் ஒரு நிமிடம்கூடச் செல்லாது. எதிரிகளின் மூளைக் குறைவைச் சரிக்கட்டத்தான் அந்த ஏற்பாடோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

முடித்துவிடுங்கள், கடைசி நாள் நீளமானது இல்லை. முடிவு சட்டென்று அறுந்துபோகிறது என்று அப்போது நிறையப் பேர் சொன்னார்கள், 2022 அப்டேட்டில் அதைக் கொஞ்சம் நீட்டியிருக்கிறார்கள். கோல்ட்டுக்கும் ஜூலியானாவுக்கும் என்ன உறவு என்பதை இங்கே எழுதமாட்டேன்.

அப்புறம், காகிதத்தில் கட்டம் போட்டு ஆடும் ஆர்க்கேன் கேம் வேண்டுமென்றால் ஒன்று இருக்கிறது. ‘ப்ரே’வுக்கான ‘மூன்கிராஷ்’, 2018. செய்தது அவர்களின் ஆஸ்டின் கிளை, மைக்ரோசாஃப்ட் 2024-இல் மூடிய அதே கிளை. நிலவில் ஒரு தளம், ஐந்து பேர், தப்பிக்க ஐந்து வழி, ஒரு வழியை ஒருவர்தான் பயன்படுத்த முடியும். ஒருவர் எடுத்துத் தீர்த்த பொருள் அடுத்தவருக்கு இருக்காது, நேரம் போகப் போக எதிரிகள் வலுத்துக்கொண்டே வருவார்கள். ஐந்து பேரையும் ஒரே ஓட்டத்தில் வெளியேற்ற வேண்டும், யார் முதலில், எந்த வழியில் என்பதை யாரும் எழுதித் தரமாட்டார்கள். தனியாக ஓடாது, ‘ப்ரே’யும் வேண்டும். இரண்டும் சேர்ந்த பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள்.