கனடாக் கேத்தலை இங்கே கொழுவலாமா?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் தங்கச்சி வந்தபோது ஒரு கரண்ட் கேத்தல் கொண்டுவந்து தந்துவிட்டுப் போனா. அடியில் 120 வோல்ற், 12.5 அம்பியர் என்று மட்டும் இருக்கிறது. எத்தனை வாற் என்று எங்கும் இல்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு கடையில் கேட்டேன். "பிளக்குக்கு அடாப்டர் போட்டால் காணும், பயமெண்டால் 500 வாற் ட்ரான்ஸ்போமர் ஒண்டு எடுங்கோ" என்றார்கள். எதை வாங்குவது?
வாசகி, கோண்டாவில்

பதில்: இரண்டையும் வாங்க வேண்டாம். கேத்தலைச் சுவர் பிளக்கில் கொழுவிப் பார்க்கவும் வேண்டாம்.

வாற் எழுதியிராவிட்டாலும் வேண்டியதெல்லாம் அந்த லேபலிலேயே இருக்கிறது. வோல்ற்றை அம்பியரால் பெருக்கினால் வலு வரும்: 120 × 12.5 = 1500 வாற். வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் தடை வரும்: 120 ÷ 12.5 = 9.6 ஓம். பத்தாம் பதினோராம் வகுப்பில் படித்த ஓமின் விதிதான்.

அந்த 1500 வாற், கனடா வீட்டு 120 வோல்ற்றில் மட்டும் கிடைக்கும் அளவு. ஊர் மாறினாலும் அதிகம் மாறாதது, உள்ளே தண்ணீரைச் சூடாக்கும் கம்பியின் தடை. நமக்கு வருவதோ 230 வோல்ற். 230 ÷ 9.6 என்றால் ஏறக்குறைய 24 அம்பியர் ஓடும். 230 × 24 என்றால் 5500 வாற்றுக்கு மேல். வோல்ற் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, வலு மூன்றரை மடங்கைத் தாண்டிவிட்டது. வோல்ற் ஏறும்போது ஓட்டமும் கூடவே ஏறுவதால் வருகிற வினை இது.

"சதுரப் பின் பிளக்கில் 13 அம்பியர் பியூஸ் இருக்குத்தானே, அது காப்பாற்றும்" என்று பலர் நம்புகிறார்கள். 24 அம்பியருக்கு அந்தப் பியூஸ் உடனே போய்விடாது, சில நிமிடங்கள் தாங்கி நிற்கும். அதற்குள் கேத்தலின் கம்பி எரிந்துவிடலாம், பிளக்கும் உருகலாம். அடாப்டர் மாற்றுவது பின்னின் வடிவத்தை மட்டும்தான். வோல்ற்றை அது தொடுவதில்லை. இதைச் சொல்லாமல் விற்கும் கடைக்காரர் வாடிக்கையாளரின் வீட்டைப் பணயம் வைக்கிறார்.

ட்ரான்ஸ்போமர் வோல்ற்றை 120 ஆக இறக்கித் தரும், ஆனால் 500 வாற் ட்ரான்ஸ்போமர் உதவாது. 1500 வாற் இழுக்கும் கேத்தலை அதில் போட்டால் ட்ரான்ஸ்போமர்தான் முதலில் கருகும். குறைந்தது 1500, பாதுகாப்புக்கு 2000 வாற் தாங்குவது வேண்டும். அது தூக்கவே பாரமான சாமான், விலையும் நல்ல புதுக் கேத்தலின் விலையைத் தாண்டிவிடும். தங்கச்சி அன்போடு தந்தது என்பது விளங்குகிறது. ஆனாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இங்கேயே 230 வோல்ற் கேத்தல் ஒன்று வாங்குங்கள்.

லேபல் தேய்ந்துபோன பழைய கேத்தலோ அயன் பொக்ஸோ வாங்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றி வைத்து, சாமானின் சுவிச்சைப் போட்டு, எர்த் பின்னை விட்டு மற்ற இரண்டு பின்களுக்கும் இடையில் மல்ரிமீற்றரால் தடையை அளக்கச் சொல்லுங்கள். 1500 வாற் கேத்தல் நம் ஊருக்கானது என்றால் 35 ஓம் அளவில் காட்டும். 10 ஓமுக்குக் கிட்டக் காட்டினால் அது 120 வோல்ற் நாட்டிலிருந்து வந்தது என்றே சந்தேகப்படுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் கனடாவிலிருந்து வந்த போன் சார்ஜர், லப்டொப் எல்லாம் ஆபத்தா?
வாசகர், மானிப்பாய்

பதில்: சார்ஜரில் 100 முதல் 240 வோல்ற் வரை என்று எழுதியிருந்தால் பயமில்லை, இங்கே அடாப்டர் மட்டும் போதும். லண்டன், பாரிஸ், சிட்னியிலிருந்து வரும் சாமான்களும் 230 வோல்ற் வகைதான்.

கேள்வி: பின்னேரம் ஏழு மணிக்குப் பிறகு எங்கள் வீட்டில் 200 வோல்ற்தான் வருகிறது. 2000 வாற் கேத்தல் கொதிக்க நேரமெடுக்கிறது. வோல்ற் குறைந்தால் அம்பியர் கூடி பில்லும் கூடும் என்கிறார் அண்ணா. சரியா?
வாசகர், வேலணை

பதில்: கேத்தலைப் பொறுத்தவரை அண்ணா சொல்வது பிழை. 230 வோல்ற்றுக்கு 2000 வாற் என்றால் தடை ஏறக்குறைய 26.5 ஓம். 200 வோல்ற்றில் 7.5 அம்பியர்தான் ஓடும், வலு 1500 வாற் அளவுக்கு இறங்கும். அதுதான் தாமதம். தண்ணீருக்குத் தேவையான வெப்பம் மாறாததால் செலவாகும் யூனிற் ஏறக்குறைய அதேதான், கூடுதல் நேரத்தில் வெளியே போகும் சூடு மட்டும் சற்று அதிகம்.

ஆனால் கிணற்று மோட்டரைப் பொறுத்தவரை அண்ணாவின் பேச்சில் உண்மை இருக்கிறது. மோட்டர் வெறும் தடை இல்லை. வோல்ற் விழுந்தாலும் தண்ணீரை அதே உயரத்துக்குத் தள்ள வேண்டியிருப்பதால் அது அதிக ஓட்டத்தை இழுத்துச் சூடாகும், சுருள் எரியும். வோல்ற்றை அம்பியரால் பெருக்கி மோட்டரின் வாற் எடுக்கும் கணக்கும் அங்கே சரிவராது, விடை உண்மையைவிடக் கூடவே வரும்.

இலங்கையில் வீட்டுக்கு வரவேண்டிய வோல்ற் 230, அதில் 6 வீதம் கூடலாம் குறையலாம். கணக்குப் பார்த்தால் 216 இலிருந்து 244 வரை. 200 அந்த எல்லைக்கு வெளியே. சில நாட்கள் திகதியும் நேரமும் போட்டு அளவை எழுதி, உங்கள் பகுதி மின்சார அலுவலகத்தில் எழுத்தில் முறைப்பாடு கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தை வாங்கி வையுங்கள். அது சரியாகும்வரை மோட்டரைக் காலையில் போடுங்கள்.